கோட்டுக்குள் இருந்த கால்

சென்ற இதழில் நம் சங்க அன்பர் ஒருவர், முடிந்துபோன ஆட்டத்தைப் பற்றி மூச்சு வாங்க வாதாடுவது வேலையற்றவர் வேலை என்று எழுதியிருந்தார். பொங்கல் விழாப் பந்தியில் நம் இளைஞர்கள் இலையைப் போட்டுக்கொண்டு 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டதைப் பார்த்து அவருக்கு வந்த கோபம் அது. பரிமாற வந்தவர்கள் வாளியும் கையுமாக நின்றார்கள், பாயசம் ஆறிப்போயிற்று என்கிறார். பாயசம் ஆறிய வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அவர் கருத்தில் எனக்குப் பங்கில்லை. ஏன் என்று சொல்ல, நம்மில் பலர் பார்த்தே இராத ஓர் ஆட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த ஆட்டம் ஐஸ் ஹாக்கி. நம் அஜ்னி ரயில்வே காலனி மைதானத்தில் பார்த்த ஹாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனால் ஒன்றும் புரியாது. நம் நாட்டிலும் லடாக்கில், லே நகரத்துப் பக்கம், குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் அதன் மேல் ஆடுகிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும் தொழில்முறை ஆட்டம். 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளம். சுற்றிலும் பலகைச் சுவர். பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்காப்பாளர். பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. அதைப் 'பக்' என்கிறார்கள். காலில் கத்தி பொருத்திய காலணியோடு பறந்து பறந்து அதை அடிக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் முக்கால் நிமிடம் ஓடினால் நாக்கு தள்ளிவிடும். உடனே வெளியே வந்து அடுத்தவரை உள்ளே அனுப்புவார். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள்.

பருவத்தின் முடிவில் நாக்அவுட் கட்டம் வரும். நமக்குப் பழக்கமான ஒரே நாள் நாக்அவுட் அல்ல. அதே இரண்டு அணிகள் ஏழு ஆட்டம் வரை மோதும். முதலில் நாலு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இப்படி நாலு சுற்று தாண்டினால், அதாவது பதினாறு ஆட்டம் வென்றால், கையில் ஸ்டான்லி கோப்பை. 1892இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்தது. வென்றவர் பெயர்களை அதன் மேலேயே வெட்டி வைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஆட்டம் சமனில் நின்றால் பெனால்டி அடித்துத் தீர்ப்பதில்லை. இன்னும் இருபது நிமிடம், அதுவும் போதாவிட்டால் இன்னும் இருபது என்று யாராவது ஒருவர் ஒரு கோல் போடும் வரை, விடிந்தாலும் சரி, ஆடியே தீர வேண்டும்.

1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறுதித் தொடரில் மோதியவை பஃபலோ சேபர்ஸ், டல்லஸ் ஸ்டார்ஸ் என்ற இரண்டு அணிகள். பஃபலோ, நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கும் பழைய தொழில் நகரம். டல்லஸ், டெக்ஸாஸ் மாநிலத்தில், வெயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஐஸ் ஹாக்கி வேரூன்றிய கதையே வேடிக்கை: 1993இல்தான் அந்த அணி வடக்கே மினசோட்டாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு அங்கே குடிபோயிற்று. மினசோட்டா ரசிகர்களுக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

முதல் ஆட்டம் டல்லஸில். கூடுதல் நேரத்தில் 3-2 என்று பஃபலோ வென்றது. அடுத்தது டல்லஸுக்கு 4-2. மூன்றாவதும் டல்லஸுக்கு 2-1. நாலாவதில் பஃபலோ அதே 2-1 என்று திருப்பிக் கொடுத்தது. ஐந்தாவதில் டல்லஸ் 2-0. ஆறு ஆட்டத்திலும் சேர்த்து இரண்டு பக்கமும் போட்ட கோல் இருபத்திரண்டுதான். அவ்வளவு கெட்டியான காவல். பஃபலோவின் கோல்காப்பாளர் டொமினிக் ஹாஷெக், செக் நாட்டுக்காரர்; முந்தின ஆண்டு நாகனோ ஒலிம்பிக்ஸில் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையாலும் காலாலும் தலைக்கவசத்தாலும் தடுப்பார். எதிரே டல்லஸின் எட் பெல்ஃபோர். டல்லஸின் மைக் மொடானோ மணிக்கட்டு முறிந்த நிலையில் ஆடினார். பிரெட் ஹல் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் ஆடினார். நம் ஊரில் விரல் நகம் பெயர்ந்தால் பெவிலியனுக்குத் திரும்புகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது ஆட்டம் பஃபலோவில், ஜூன் 19 இரவு. முதல் பகுதியில் டல்லஸ் ஒரு கோல், இரண்டாவதன் முடிவில் பஃபலோ ஒரு கோல். பிறகு ஒன்றுமே இல்லை. மூன்றாவது பகுதி, முதல் கூடுதல் நேரம், இரண்டாவது கூடுதல் நேரம் எல்லாம் வறட்சி. அன்றைக்கு பெல்ஃபோர் தடுத்தவை 53. ஹாஷெக் தடுத்தவை 48. மூன்றாவது கூடுதல் நேரத்தில் 14 நிமிடம் 51 விநாடி கடந்தபோது, கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி சுமாருக்கு, கோல் வாய்க்கு முன்னால் ஒரு தள்ளுமுள்ளு. ஹல் தட்டியதை ஹாஷெக் தடுக்கிறார். வில்லை திரும்பி ஹல்லின் காலருகே வருகிறது. ஹல் இடது காலால் அதைத் தன் மட்டைக்குத் தள்ளி, திரும்பவும் அடிக்கிறார். கோல். கோப்பை டல்லஸுக்கு.

இப்போதுதான் விஷயம். கோல் வாய்க்கு முன்னால் நீல வண்ணம் பூசிய ஒரு சிறு இடம் உண்டு; கிரிக்கெட்டைப் போலவே அதையும் 'கிரீஸ்' என்கிறார்கள். கோல்காப்பாளரை மோதிச் சாய்க்கிறார்கள் என்பதற்காக 1990களில் ஒரு விதி வைத்திருந்தார்கள்: வில்லை அந்த நீல இடத்துக்குள் வருமுன் தாக்கும் அணியின் ஆள் உள்ளே காலை வைத்திருந்தால் அந்த கோல் செல்லாது. வீடியோவில் பார்த்துப் பார்த்து, கால் விரல் நுனி உள்ளே இருந்தது என்று அந்த ஆண்டு முழுவதும் கோல்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்களுக்கு அது மனப்பாடம். ஹல் அடித்தபோது வில்லை கோட்டுக்கு வெளியே. அவருடைய இடது கால் உள்ளே. படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஒருவரும் மறுப்பதில்லை.

பிறகு எப்படி கோல் ஆயிற்று? அதே ஆண்டு மார்ச் மாதம் லீக் அலுவலகம் அணிகளுக்கு ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பியிருந்தது. வில்லை தன் வசத்தில் இருக்கும் ஆட்டக்காரர், வில்லை வெளியே இருந்தாலும், காலை உள்ளே வைக்கலாம் என்பது அதன் சாரம். ஹல்தான் முதலில் தட்டினார், தடுத்துத் திரும்பி வந்ததும் அவரிடமே, ஆகவே வசம் அறுபடவில்லை என்பது லீக்கின் வாதம். ஹாஷெக்கின் மேல் பட்டுத் திரும்பிய பிறகு வசம் எங்கே இருந்தது என்பது பஃபலோவின் எதிர்வாதம். மேலே இருந்த வீடியோ நடுவர் பார்த்தார், சரி என்றார். ஆனால் பார்க்கிறோம் என்று அரங்கத்தில் அறிவிக்கவில்லை. அதற்குள் டல்லஸ் ஆட்டக்காரர்கள் பனிமேல் குதித்துவிட்டார்கள், படம் எடுப்பவர்கள் வந்துவிட்டார்கள், கோப்பையும் வந்துவிட்டது. பஃபலோ பயிற்சியாளர் லிண்டி ரஃப் நடுவரைத் தேடியபோது தளத்தில் நடுவர் இல்லை. சில நாள் கழித்து நகர மன்றத்துக்கு எதிரே நயாகரா சதுக்கத்தில் தோற்ற அணிக்கு மக்கள் எடுத்த வரவேற்பில் 'நோ கோல், நோ கோல்' என்று கூட்டம் முழங்கியது. அடுத்த பருவத்திலேயே அந்தக் கால்விரல் விதியை லீக் தூக்கி எறிந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2023 கோடையில் நாலு மாதம் மகனோடு பஃபலோவின் புறநகர் ஒன்றில் இருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். லக்கவானா உருக்காலையில் 1983இல் உருக்கு உற்பத்தி நிற்கும் வரை வேலை பார்த்தவர். நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும் அவரே என்னைக் காரில் ஏற்றி அந்த ஊர்ப் பழைய சென்ட்ரல் டெர்மினலைக் காட்டினார். 1929இல் திறந்த பதினேழு மாடிக் கோபுரம் கொண்ட ஸ்டேஷன். 1979க்குப் பிறகு ஒரு வண்டிகூட அங்கே நிற்பதில்லை. பிளாட்பாரத்துக்கு இடையில் செடி முளைத்திருப்பதைப் பார்க்க, நாற்பது வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனுக்கு என்னவோ போலிருந்தது. ஆலை போயிற்று, ரயில் போயிற்று என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. ஹல்லின் கால் என்று பேச்சு வந்ததும்தான் முகம் சிவந்தது.

அவருடைய மருமகன் டல்லஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாமனாரும் மருமகனும் பின்புறத் தோட்டத்து மேஜையில் உப்புக் குப்பியை ஹாஷெக் ஆக்கி, சோடா மூடியை வில்லை ஆக்கி, முள்கரண்டியை ஹல்லின் கால் ஆக்கி வாதாடுவார்கள். என் மருமகள் என்னை முன்கூட்டியே எச்சரித்தாள்: "மாமா, நீங்க மட்டும் அந்தக் கால் விஷயத்தைக் கேட்டுடாதீங்க. ராத்திரி பத்து மணி ஆயிடும்." கேட்டேன். பதினொன்று ஆயிற்று.

மருமகன் சொல்வது: குறிப்பு குறிப்புதான், இரண்டு அணிக்கும் மார்ச்சிலேயே போயிற்று, உங்கள் பயிற்சியாளர் படித்திருக்க வேண்டும். அதோடு, அந்த கோல் இல்லாவிட்டாலும் தொடர் 3-2 என்று எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆட்டம் தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் கோப்பையை இழக்கவில்லை, ஏழாவது ஆட்டத்துக்கான ஒரு வாய்ப்பைத்தான் இழந்தீர்கள். மாமனார் சொல்வது: வருடம் முழுவதும் என் பிள்ளைகள் போட்ட கோலைக் கால் நுனிக்காக அழித்தாய், நான் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, சரி, விதி விதிதான் என்று ஏற்றுக்கொண்டேன், கடைசி நாளன்று மட்டும் எனக்குத் தெரியாத ஒரு காகிதத்தை எடுக்கிறாய், இது நியாயமா?

மருமகனின் இரண்டாவது வாதத்தில் கனம் இருக்கிறது. பல பஃபலோ ரசிகர்கள் கோப்பையே தங்களிடமிருந்து பறிபோனது போலப் பேசுகிறார்கள். அது மிகை. 3-2 என்று பின்தங்கி நின்றவர்கள் அன்று வென்றிருந்தாலும் மறுபடி டல்லஸ் போய் அங்கே வெல்ல வேண்டும். கணக்கைக் கணக்காகப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வாதத்தில் நான் மாமனார் கட்சி. அதற்குக் காரணம் ஹாக்கி அல்ல, ரயில்வே.

ரயில்வேயில் பொது விதிகளும் துணை விதிகளும் கொண்ட புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஒரு வரி மாறினாலும் திருத்தச் சீட்டு வரும். சீட்டை வெட்டிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். ஸ்டேஷனின் இயக்க விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பாயிண்ட்ஸ்மேன் வரை அஷ்யூரன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் பெருவிரல் வைப்பார். கையெழுத்து இல்லாதவரை வேலையில் நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலை. உள்ளே இருந்தவர்களுக்கு இதுதான் உயிர்.

நான் ஒரு கோட்டத்தில் பெர்மனெண்ட் வே இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், பக்கத்து செக்‌ஷனில் கேங் மேட் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சத்தீஸ்கர்க்காரர், படிப்பு நாலாம் வகுப்பு, தண்டவாளத்தில் காதை வைத்தே வண்டி வருவதைச் சொல்லிவிடும் ஆள். நீளப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நீண்டு நெளியும் என்பதால் கோடையில் ரோந்து போக வேண்டும். அச்சிட்ட அட்டவணையில் ரோந்து பன்னிரண்டு மணிக்கு என்று இருந்தது. அவ்வருடம் வெயில் கடுமை என்று அதைப் பதினொன்றாக்கிக் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கிளம்பிற்று. கிளம்பிய கடிதம் செக்‌ஷன் அலுவலகத்து ஃபைலில் படுத்துக்கொண்டது. ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு மேல் ஒரு டிரைவர், பாதை லேசாக நெளிந்திருக்கிறது என்று சரக்கு வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் ரோந்து ஆள் எங்கே என்ற கேள்வி வந்தது. மேட்டுக்கு எஸ்.எஃப். 5 என்ற குற்றச்சாட்டுப் படிவம் வந்தது.

அவருக்காக விசாரணையில் டிஃபென்ஸ் ஹெல்ப்பராகப் போனேன். விசாரணை அதிகாரி, கடிதம் எண் இது, தேதி இது, வெளியிட்டாயிற்று என்றார். வெளியிட்டது தெரிகிறது ஐயா, இவர் கையெழுத்து எங்கே என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் தண்டனை வந்தது. மூன்று வருடம் இன்கிரிமெண்ட் நிறுத்தம் என்பது மேல்முறையீட்டில் ஒரு வருடமாகக் குறைந்தது, நீங்கவில்லை. மறு கோடையிலிருந்து அந்தக் கோட்டத்தில் ரோந்து நேரக் கடிதங்களைக் கேங் வாரியாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்தது. மேட் ஓய்வு பெறும் வரை டீக்கடையில் உட்கார்ந்து, "சிட்டி மேரே பாஸ் ஆயீ ஹீ நஹீ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பழசை விடப்பா என்று சொன்னவர்கள் நிறைய. அவர் ஏன் விட வேண்டும்? கடிதம் வரவில்லை என்பதுதானே உண்மை.

இதனால்தான் மார்ச் மாதக் குறிப்பை வைத்துப் பார்த்தால் அது கோல்தான் என்று நான் ஒப்புக்கொண்டாலும், மாமனாரின் கோபத்தையும் ஒப்புக்கொள்கிறேன். குறிப்பு அணிகளுக்குப் போயிற்று. சீட்டு வாங்கிய லட்சக்கணக்கானோருக்குப் போகவில்லை. ஆட்டத்தில் விதி ஆட்டக்காரருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அரங்கில் உட்கார்ந்து 'அவுட்' என்று கத்துகிறானே, அவனும் அந்த விதியில் ஒரு கட்சிக்காரன். அவன் கையில் இருந்த புத்தகத்தில் ஒன்றும் அலுவலகத்து மேஜைக்குள் வேறொன்றும் இருந்தால், தீர்ப்பு சரியாக இருந்தாலும் செல்லாக்காசு போல ஒலிக்கும்.

இன்னொன்று. வண்டி தடம் புரண்டால், மீட்பு வண்டி வந்து பெட்டியைத் தூக்குவதற்கு முன், பாதைப் பிரிவு, பெட்டிப் பிரிவு, லோகோ பிரிவு மூன்று பேரும் சேர்ந்து அளவெடுத்து ஜாயிண்ட் நோட் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடம் எது, விழுந்த இடம் எது, கேஜ் எவ்வளவு, பாதையின் இரு பக்க உயரம் எவ்வளவு என்று எல்லாம். பாதைக்காரன் சக்கரத்தைக் குறை சொல்வான், பெட்டிக்காரன் பாதையைக் குறை சொல்வான், இருவரும் டிரைவரின் வேகத்தைக் குறை சொல்வார்கள். நடு இரவில், ஹரிக்கேன் விளக்கில், கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கும். ஆனால் அளவுகள் எடுத்த பிறகுதான் எதையும் அசைக்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் எழுதிக் கையெழுத்திடலாம். பஃபலோவில் அன்று இரவு நடந்தது, ஜாயிண்ட் நோட் எழுதுமுன் பெட்டியைத் தூக்கிவிட்ட கதை. மாடியில் பார்த்தார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். இரண்டு நிமிடம் எல்லாரையும் நிறுத்தி, பார்க்கிறோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, காரணத்தோடு அறிவித்திருந்தால் வாதம் அத்தோடு தீர்ந்திருக்குமா என்றால், தீர்ந்திருக்காது. ஆனால் அது வேறு வாதமாக இருந்திருக்கும். வசம் அறுபட்டதா இல்லையா என்ற ஆட்ட வாதம். இப்போது இருப்பது, எங்களை ஏமாற்றினார்களா என்ற வாதம். முன்னதைப் பேசி மகிழலாம். பின்னது தொண்டையில் முள்.

ரசிகர் வாதத்தை நம் அன்பர் வெறுப்பதற்கு நியாயமான ஒரு காரணமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். இதே ஐஸ் ஹாக்கியில் 1955 மார்ச் 17 அன்று, மாண்ட்ரியாலில், மோரிஸ் ரிச்சர்ட் என்ற நாயகனை அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களுக்கெல்லாம் தடை செய்தார்கள் என்பதற்காக ஊரே கலவரத்தில் இறங்கிற்று, கடைகளைச் சூறையாடினார்கள். 2011 ஜூன் 15 அன்று ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் 4-0 என்று தோற்றதும் வான்கூவரில் கார்களைக் கொளுத்தினார்கள். அதே ஊரில் 1994இலும் இதே கூத்து. இவற்றைப் பார்த்தால் ரசிகர் என்ற சொல்லே கசந்துபோகும். ஆனால் இவை வாதம் அல்ல. வாதாடப் பொறுமை வேண்டும். எதிராளி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். உப்புக் குப்பி வேண்டும். கல்லெறிகிறவனுக்கு ஆட்டத்தில் எத்தனை பேர் என்றுகூடத் தெரிந்திருக்காது. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது அநியாயம்.

பஃபலோக்காரர்களுக்கு இழப்பு பழக்கமானது என்பதையும் கவனிக்க வேண்டும். 1970இல் தொடங்கிய அந்த அணி 1975இலும் இறுதிக்கு வந்து பிலடெல்பியாவிடம் தோற்றது. அந்தத் தொடரில் மூன்றாவது ஆட்டத்தின்போது, மே மாதப் புழுக்கத்தில், குளிர்சாதன வசதி இல்லாத பழைய அரங்கில், பனித்தளத்தின் மேல் மூடுபனி இறங்கி வில்லையே தெரியாமல் போயிற்றாம். ஆட்டக்காரர்கள் வட்டமிட்டு ஓடிக் காற்றைக் கலைத்தார்கள். நடுவில் ஒரு வௌவால் வேறு பறந்து வர, பஃபலோ ஆட்டக்காரர் ஒருவர் மட்டையால் அதை அடித்து வீழ்த்தினார். அந்த ஆட்டத்தில் வென்றார்கள், தொடரில் தோற்றார்கள். வௌவாலை அடித்த பாவம்தான் 1999 வரை துரத்திற்று என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரிக்காமல் சொன்னார். அமெரிக்கக் கால்பந்திலும் அவ்வூர் அணி 1991 முதல் 1994 வரை நாலு வருடம் வரிசையாக இறுதியாட்டத்துக்குப் போய் நாலிலும் தோற்றிருக்கிறது. ஆலை மூடி, ரயில் நின்று, ஜனங்கள் தெற்கே குடிபோய்க்கொண்டிருந்த ஓர் ஊருக்கு அந்த ஜூன் இரவு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பையை அவர்களுடைய தளத்திலேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே, தெற்கத்திக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரிடம் போய், இது வெறும் விளையாட்டு, மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆட்டக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மூன்றே வருடத்தில், 2002இல், ஹல்லும் ஹாஷெக்கும் ஒரே டெட்ராயிட் அணியில் ஆடி, சேர்ந்தே கோப்பையைத் தூக்கினார்கள். அவர்களுக்கு அது தொழில். ஊர் மாறலாம், சட்டை மாறலாம். ரசிகனுக்கு மாற்றிக்கொள்ள வேறு ஊர் கிடையாது.

இனி நம் பந்திக்கு வருவோம். 2019 ஜூலை 14 லார்ட்ஸ் ஆட்டத்தில் கடைசி ஓவரில் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியதற்கு ஆறு ரன் கொடுத்தார்கள். பந்தை எறிந்த நேரத்தில் மட்டையாளர்கள் ஒருவரையொருவர் தாண்டியிருக்கவில்லை, ஆகவே ஐந்துதான் என்று விதி சொல்கிறது. தவறு என்று நடுவர் தர்மசேனாவே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரிகளை எண்ணி 26க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். அந்த விதி புத்தகத்தில் முன்னமே இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆகவே அந்தப் பகுதியில் நியூஸிலாந்து ரசிகருக்கு பஃபலோக்காரர் அளவு வழக்கு இல்லை என்பது என் கட்சி. ஆனால் மூன்று மாதத்தில், அக்டோபரில், அந்தப் பவுண்டரி விதியையும் எடுத்துவிட்டார்கள். பஃபலோவில் கால்விரல் விதி, லண்டனில் பவுண்டரி விதி. எடுக்கக் காரணம் என்ன? உலகமெல்லாம் ஜனங்கள் பந்தியிலும் டீக்கடையிலும் விடாமல் பேசியதும் ஒரு காரணம் இல்லையா? எல்லாரும் நம் அன்பர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு பாயசம் சாப்பிட்டிருந்தால், இன்னொரு அணி இன்னொரு நாள் பவுண்டரி எண்ணித் தோற்றிருக்கும்.

அன்று பந்தியில் எனக்கு இருந்த குறை வேறு. இரண்டு கட்சியிலும் அந்த ஐந்து ரன் விதியைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பேச விடவில்லை. அடுத்த வருடம் பந்தியை விட்டுவிட்டு, சங்கக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு ஒரு மேஜையைப் போட்டு, விதிப் புத்தகத்தையும் வைத்து, இரண்டு கட்சிக்கும் பதினைந்து பதினைந்து நிமிடம் கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். நடுவராக நம் அன்பரையே போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அவருக்கு மறுப்பு இருந்தால் ஆசிரியர் தயவுசெய்து அடுத்த இதழில் அவருக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.